மெமரி கார்டு சொருகத் தெரியல: எவர்கிளேட்ஸ் வெயில் பத்தி ஒரு எமர்ஜென்சி டாக்டர்

நான் தெற்கு ஃப்ளோரிடாவுல எமர்ஜென்சி டாக்டர். லீவு கிடைக்கற சனி ஞாயிறுல கேமராவைத் தூக்கிட்டு எவர்கிளேட்ஸ்ங்கற பெரிய சதுப்பு நிலப் பூங்காவுக்குப் போயிடுவேன். அங்க போட்டோ எடுக்க வர்றவங்க எல்லாரும் அலிகேட்டர் முதலைக்கும் பாம்புக்கும் பயப்படறாங்க, வெயிலுக்கு யாருமே பயப்படறதில்ல, அதுலயும் நம்மாளுங்க "நாங்க பாக்காத வெயிலா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க.

போன வருஷம் ஆகஸ்ட் கடைசி. அலிகேட்டர் முட்டை பொரியற நேரம், உடம்புல மஞ்சக் கோடு போட்ட குட்டிங்க அம்மா முதுகு மேல ஏறி உக்காந்திருக்கும், அதை எடுக்கணும்னுதான் நானும் ஒரு நண்பரும் அங்க இருக்கற ஷார்க் வேலி பகுதிக்குப் போனோம். 15 மைல் லூப் ரோடு, நிழல்னு சொல்லிக்க பெருசா எதுவும் கிடையாது, ரெண்டு பக்கமும் சாகிராஸ் புல்லும் தண்ணியும்தான். குட்டிங்க கிடைச்சதும் நண்பர் வ்யூஃபைண்டர்ல வச்ச கண்ணை எடுக்கவே இல்ல, அப்படியே ஒன்றரை மணி நேரம். அப்புறம் கார்டு மாத்தணும்னு குனிஞ்சவர் அதைத் திருப்பித் திருப்பி ஸ்லாட்ல வச்சுப் பாக்கறார், உள்ள போகல. இருபது வருஷமா கேமரா பிடிக்கற கை அது. "என்னண்ணே"ன்னு கேட்டேன், "ம்ம், குட்டி"ன்னார், மறுபடி கேட்டேன், அதே "குட்டி". சட்டை தொப்பலா நனைஞ்சிருந்தது. அதனாலதான் பக்கத்துல நின்னவங்க யாருக்கும் சந்தேகம் வரல, வேர்வை நின்னாதான் ஹீட் ஸ்ட்ரோக், அதாவது உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்குன்னு பலரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அது தப்பு. வெயில்ல நடந்து, பாரம் சுமந்து உழைக்கறதால வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல வேர்வை கொட்டிக்கிட்டே இருக்கலாம், பேச்சும் புத்தியும் தடுமாறுதான்னுதான் பாக்கணும். ஆஸ்பத்திரியில பாத்தப்போ உடம்பு சூடு 105 டிகிரி ஃபாரன்ஹீட். பொழைச்சிட்டார். அப்புறமா அவர் கேமராவைத் திருப்பிப் பாத்தா கடைசி நாப்பது படத்துல குட்டியே இல்ல, வெறும் புல்லு, அதுவும் சாய்ஞ்சு கிடக்குது.

வேர்வை வந்தா மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாகிப் போகணும். சதுப்பு நிலத்துல காத்தே தண்ணியா இருக்கும்போது எங்க ஆவியாகறது? 92 டிகிரி ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 60 சதவீதம்னா உடம்புக்கு அது 105 மாதிரி, அந்தக் கணக்கும் நிழலுக்குத்தான், நேர் வெயில்ல இன்னும் ஏறும். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஏசி ஆபீஸ்ல இருந்துட்டு சனிக்கிழமை ரெண்டு கிலோ லென்ஸைத் தூக்கிட்டு ஆறு மணி நேரம் நின்னா எப்படித் தாங்கும்? சூடு பழகறதுக்கு உடம்புக்கு ஒண்ணு ரெண்டு வாரம் வேணும். பொறந்த ஊர் வெயிலெல்லாம் இப்போ கணக்குல வராது.

லீவுக்கு வந்த அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்க அவங்க மாத்திரையைப் பாருங்க. பிரஷருக்கு நீர் மாத்திரை, பீட்டா பிளாக்கர், அலர்ஜிக்கும் கொசுக்கடி அரிப்புக்கும் போடற டைஃபென்ஹைட்ரமின், இதெல்லாம் உடம்பு சூட்டை வெளியேத்தற வழியைக் குறைக்கும். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க, அவங்களை வெயில்ல நடக்க விடாம ஷார்க் வேலியில சுத்திக் காட்டற டிராம் வண்டியில கூட்டிட்டுப் போங்க. அப்புறம் பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம இருக்கற நம்ம பெண்கள், தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, எத்தனை பேரை டிரிப்ஸ் போட்டு அனுப்பியிருக்கேன்.

யாராவது தடுமாறினா 911 கூப்பிடுங்க. உள்ள பல இடத்துல சிக்னல் இருக்காது, உதவி கூப்பிட ஒருத்தரை ஓட விடுங்க, மத்தவங்க உடனே குளிர வைக்க ஆரம்பிக்கணும், ஆம்புலன்ஸ் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. கூலர் பாக்ஸ்ல ஜூஸுக்குப் போட்ட ஐஸ் இருக்குமே, அதைக் கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வைங்க, மேல தண்ணி ஊத்தி விசிறுங்க. பாதி மயக்கத்துல இருக்கறவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க, புரை ஏறிடும். காய்ச்சல் மாத்திரை இதுக்கு வேலை செய்யாது. பக்கத்துலயே கால்வாய் இருக்கேன்னு இறக்கிடாதீங்க, அலிகேட்டர் இருக்கற தண்ணி அது.

கொசு மருந்து பத்தி ஒண்ணு: டீட் (DEET)ங்கற ரசாயனம் இருக்கற ஸ்ப்ரே சில வகை பிளாஸ்டிக்கைக் கரைக்கும், கேமரா பிடியெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும். பிகாரிடின் இருக்கற கொசு மருந்து அப்படிப் பண்ணாது.

முடிஞ்சா டிசம்பர்ல இருந்து ஏப்ரல்குள்ள போங்க. தண்ணி வத்தி, மிச்சம் இருக்கற குட்டையில பறவையெல்லாம் வந்து குமியும், அன்ஹிங்கா ட்ரெயில்ங்கற நடைபாதையில அன்ஹிங்கா பறவை கைக்கெட்டற தூரத்துல றெக்கையை விரிச்சுக் காய வச்சிட்டு நிக்கும், ஆனாலும் 15 அடி தள்ளியே நில்லுங்க. கோடையிலதான் போகணும்னா விடியும்போது போய் பத்து மணிக்குள்ள காருக்கு வந்துடுங்க, மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வேற.

கூட வர்றவங்களை அரை மணிக்கு ஒரு தடவை பேச வைங்க. "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் தலையைத்தான் ஆட்டுவாங்க. நான் இப்பல்லாம் "கார் எங்க நிறுத்தினோம், கடைசியா என்ன எடுத்தீங்க"ன்னு கேக்கறேன். பதில் சொல்ல ரெண்டு செகண்ட் அதிகம் ஆனாலும் ட்ரைபாடை மடக்கிடுவேன்.