மேடைச் சுவரும் கோடைக் காற்றும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பதினெட்டு வருஷமாக மைக் செட், லைட், மேடை போட்டுக் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் கமிட்டிக்காரர்கள் போனில் ஏதாவது ஒரு வெளிநாட்டுக் கச்சேரியைக் காட்டி "இந்த மாதிரி வேணும்" என்கிறார்கள். அந்த வீடியோக்களை விடிய விடியப் பார்க்கிற ஆள்தான் நானும். பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் இசைக் குழுவிலிருந்து வெளியே வந்த பாடகர் ரோஜர் வாட்டர்ஸ், 2010 செப்டம்பரில் டொரண்டோவில் தொடங்கி 2013 வரை ஊர் ஊராகப் போய் 'தி வால்' என்று 219 காட்சிகள் நடத்தினார். பாட்டு நடக்க நடக்கவே மேடைக்குக் குறுக்கே அட்டைச் செங்கல்லை அடுக்கிக்கொண்டு வருவார்கள், இடைவேளைக்குள் பாடுகிறவர்களையே மறைத்துவிடும், கடைசியில் அத்தனையும் ஜனங்கள் கண்ணெதிரே சரியும்.

எல்லாரும் சுவரின் பிரம்மாண்டத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அது விழுகிற விதம்தான் பிடிக்கும். கல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துத்தான் தள்ளுகிறார்கள். அந்த மேடையை வடிவமைத்த மார்க் ஃபிஷர் கட்டடக் கலை படித்தவர்.

நாம் போடுவது எல்ஈடி சுவர், அதாவது சின்னச் சின்ன விளக்குப் பேனல்களை அடுக்கிச் செய்யும் பெரிய வீடியோ திரை. பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி என்றால் முப்பத்தைந்து பேனல், ஒன்று ஏழெட்டு கிலோ, ஆக ஏறக்குறைய 270 கிலோ. இவ்வளவு கனத்தைக் காற்று என்ன செய்துவிடும் என்று நினைப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அந்தப் பரப்பின் மேல் சுமார் 150 கிலோ விசையோடு மோதும், அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே மோதும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. மேடையில் இடம் போதவில்லை என்று சுவரைச் சாயாமல் பிடிக்கும் தாங்கு கால்களைக் குறுக்கிவிட்டால், அந்த 270 கிலோவே நமக்கு எதிரியாகத் திரும்பிவிடும்.

எனக்கே நடந்தது. பாலக்கோடு பக்கம் ஒரு சித்திரைத் திருவிழா. சாயங்காலம் வரை ஓர் இலை அசையவில்லை. கமிட்டி ஆசைப்பட்டதால் சுவருக்குப் பின்னாலேயே இருபதடி ஃபிளக்ஸ் கட்டியிருந்தேன், முழுக்க என் தப்பு. ஒன்பது மணிக்கு வடக்கே மின்னல் வெட்டியது. மண் வாசனை வந்ததும் பின்பக்கம் ஓடிப் பார்த்தேன். ஃபிளக்ஸ் பாய்மரம் மாதிரி புடைத்து நிற்க, காலடித் தகடு பலகையை விட்டு இரண்டு விரல் தூக்கித் தூக்கி அமர்ந்தது. நிறுத்தச் சொன்னால் "இன்னும் ரெண்டே பாட்டு, தம்பி" என்றார் கமிட்டிப் பெரியவர். நான் மெயின் சுவிட்சை இறக்கினேன், என் பையன் பிளேடால் ஃபிளக்ஸைக் கிழித்தான். தகடு அமர்ந்தது. அன்றைக்கு வாங்கிய வசவு தனிக்கதை.

அந்த "ரெண்டே பாட்டு" நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டுமில்லை. 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், புயல் வருகிறது என்று தெரிந்தும் நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவாகாமல் இருந்தபோதே மேடைக் கூரை கூட்டத்தின் மேல் விழுந்து ஏழு பேர் செத்தார்கள். அவ்வளவு வசதி இருந்த இடத்திலேயே நிறுத்து என்று சொல்ல ஓர் ஆள் தெளிவாக இல்லை.

இப்போது நாங்கள் தாங்கு கால்களை முன்னும் பின்னும் ஆறடி நீட்டி, ஒவ்வொன்றின் மேலும் 200 லிட்டர் தண்ணீர் டிரம் வைக்கிறோம். சுவருக்குப் பின்னால் ஃபிளக்ஸ் கிடையாது. கையில் ஒரு காற்று மீட்டர் இருக்கிறது; மணிக்கு 35 கிலோமீட்டர் தாண்டினால் முன்வரிசை நாற்காலிகளைக் காலி செய்வோம், 45 தாண்டினால் செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பியில்) சுவரைக் கீழே இறக்கிவிடுவோம்.

அப்புறம், அட்வான்ஸ் வாங்கும்போதே ஆர்டர் சீட்டில் ஒரு வரி எழுதி வாங்குகிறேன்: காற்றுக்கு நிறுத்தும் முடிவு மேடைக்காரருடையது. போன மாதம் காரிமங்கலத்துக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "பாதியில நிறுத்தினா வாடகையில கழிச்சுக்கலாமாண்ணா?" என்றார். கழித்துக்கொள்ளுங்கள் என்று அதையும் கீழே எழுதிக் கொடுத்தேன்.