கோணல் எழுத்தை அழிக்க அவசரப்படாதீர்கள்

ஐந்து வயதுக் குழந்தை 'அ' எழுதினால் ஒரு தடவை சுழி பெரிதாகிவிடும், அடுத்த தடவை கால் நீண்டுவிடும், இன்னொரு தடவை எழுத்தே சாய்ந்து படுத்துவிடும். நாம் உடனே ரப்பரை எடுக்கிறோம். இல்லையென்றால் புள்ளி எழுத்து அச்சிட்ட நோட்டை வாங்கி, "இது மேலேயே எழுது" என்கிறோம். ஆனால் எழுத்தை மனதில் பதியவைப்பதில் அந்தக் கோணலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் என்பவருடன் சேர்ந்து 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துகளை மூன்று வழிகளில் பழக்கினார்கள்: பார்த்துத் தானாக எழுதுவது, புள்ளிக்கோட்டின் மேல் வரைவது, கீபோர்டில் தட்டுவது. பிறகு எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் அதே எழுத்துகளைக் காட்டினார்கள். படிக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள், தானாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் தெளிவாக விழித்துக்கொண்டன.

ஏன் அப்படி? ஜேம்ஸின் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத கிரேக்க எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே அச்சு வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களைவிட, விதவிதமான வடிவங்களைப் பார்த்தவர்கள் எழுத்தை நன்றாக அடையாளம் கண்டார்கள். கையால் எழுதும் பிள்ளைக்கு இந்த விதவிதமான வடிவங்கள் தானாகவே கிடைத்துவிடுகின்றன. பத்து 'அ' எழுதினால் பத்தும் வேறு வேறு. எது மாறினாலும் 'அ' அப்படியே இருக்கிறது, எது மாறினால் அது 'அ' இல்லை என்பதை மூளை அந்தப் பத்திலிருந்து சலித்து எடுத்துக்கொள்கிறது. புள்ளி எழுத்தில் இந்த வேலையே இல்லை. எங்கே தொடங்குவது, எங்கே வளைப்பது என்று பிள்ளை யோசிக்க வேண்டாம். அடுத்த புள்ளியைப் பார்த்தால் போதும். கை போகும் திசையைக் காட்ட ஓரிரு தடவை பயன்படுத்தலாம். பக்கம் பக்கமாக நிரப்பவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, கை எப்போது தயாராகிறது? பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள், நான்கு வயதில் கூட்டல் குறி வரும், அப்புறம் சதுரம். சாய்கோடுகள் சேர்ந்த முக்கோணத்துக்கு ஐந்து வயதாகும். பென்சில் பிடியும் இப்படிப் படிப்படியாகத்தான் மாறும். முதலில் முழுக் கையால் பற்றி, தோளை அசைத்துக் கிறுக்குவார்கள். பிறகு முழங்கை, மணிக்கட்டு. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பென்சிலை நகர்த்தும் பிடி பெரும்பாலும் நான்கரை முதல் ஆறு வயதுக்குள் அமைகிறது. எல்கேஜி குழந்தையின் கையில் நாலு கோடு நோட்டைத் திணித்தால், தோளால் எழுதும் பிள்ளையிடம் விரல் நுனியின் வேலையைக் கேட்கிறோம். கை வலிக்கும், எழுத்தின் மேலேயே வெறுப்பு வரும். இது தயவுசெய்து நிற்க வேண்டும்.

தோளால் எழுதும் வயதுக்கு ஏற்றது பெரிதாக எழுதுவது. அதற்கு ஒரு வழி நம் ஊரில் முன்பே இருந்தது, மணலில் விரலால் எழுதுவதுதான். எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் மாணவர்களுக்கும் அதையே பழக்கினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் மணல் தட்டு போய்ச் சேர்ந்தது. செயல்வழிக் கற்றல் வந்தபோது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் சுவர்களில் குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை வந்ததும் எனக்குப் பிடித்த மாற்றம். செங்குத்தான பரப்பில் எழுதும்போது தோள் தாராளமாக அசையும், மணிக்கட்டும் சரியான கோணத்தில் நிற்கும்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்பதும் முக்கியம். 'அ', 'இ' இரண்டிலும் சுழியும் வளைவும் பின்னிக்கிடக்கின்றன. 'ட' இரண்டே கோடு. அதோடு மேல்நோக்கி ஒரு கோடு சேர்ந்தால் 'ப'. இன்னும் கொஞ்சம் வளைத்தால் 'ம'. இந்த மூன்றும் வந்தவுடன் பிள்ளை 'படம்', 'பட்டம்' என்று எழுதிவிடும். தான் எழுதியதைத் தானே படிக்கும் அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக எந்த ஸ்டிக்கரும் கிடையாது.

வீட்டில் தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம். சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது, துணி கிளிப் மாட்டுவது எல்லாமே விரலுக்குப் பலம். பென்சிலுக்குப் பதிலாக உடைந்த குட்டி கிரேயானைக் கொடுங்கள். முழுக் கையால் பிடிக்க இடமில்லாததால் விரல்கள் தானாகச் சரியான இடத்துக்கு வரும். கடைக்கான சாமான் பட்டியலில் ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். எழுத்துகள் இடவலம் மாறி வந்தால் பதற வேண்டாம். கோப்பையின் பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் அது கோப்பைதான் என்று பழகிய மூளை, எழுத்துக்கு மட்டும் அந்த விதி செல்லாது என்று புரிந்துகொள்ள ஏழு வயது வரைகூட ஆகலாம்.

பயிற்சியே வேண்டாம் என்பதல்ல. எழுத்து யோசிக்காமல் கையில் வரும்போதுதான், என்ன எழுதுவது என்று யோசிக்க மனதில் இடம் கிடைக்கிறது. அதற்குத் தினமும் பத்து நிமிடம் போதும். திருத்தத்தான் வேண்டும் என்றால், கோணலை விட்டுவிட்டு, கை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்பதைத் திருத்துங்கள்; தவறான திசை பழகிவிட்டால் பின்னால் மாற்றுவது கடினம்.