நனைந்த ரிம்மும் பிடிக்காத பிரேக்கும்

சேலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிச்சிப்பாளையம் வழியாகத்தான் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறேன். ஏற்காட்டில் மழை கொட்டினால் திருமணிமுத்தாற்றில் தண்ணீர் ஏறி எங்கள் பக்கத்துத் தெருக்களுக்குள் வந்துவிடும். அதைக் கடந்து மேட்டுக்கு வந்தபின், பிரேக்கை முழுக்கப் பிடித்தாலும் வண்டி நிற்பதில்லை. பிரேக் கட்டையைப் போன மாதம்தான் மாற்றினேன். சாக்கடைத் தண்ணீரில் எண்ணெய் கலந்திருப்பதால் இப்படி ஆகிறதா?"

சாக்கடையின் மீது பழி போட வேண்டியதில்லை. குடிநீரை ஊற்றி நனைத்தாலும் அந்தப் பிரேக் இப்படியேதான் நடந்துகொள்ளும்.

டயரின் மீது சந்தேகம் இருந்தால் அதையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். கார்கள் வேகமாகப் போகும்போது டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுந்து, வண்டியையே தூக்கி மிதக்க வைப்பதுண்டு. இந்த மிதப்பு எந்த வேகத்தில் தொடங்கும் என்பதற்கு, நாசாவில் பணியாற்றிய வால்ட்டர் ஹார்ன் 1960-களில் ஓர் எளிய கணக்கைத் தந்தார். டயரின் காற்றழுத்தத்துடைய வர்க்கமூலத்தைப் பொறுத்து அந்த வேகம் அமையும். 45 பவுண்டு காற்றடித்த சைக்கிள் டயருக்கு அதைப் போட்டுப் பார்த்தால் மணிக்கு 110 கிலோமீட்டருக்குச் சற்று மேலே விடை வருகிறது. சாதாரண சைக்கிளை அந்த வேகத்தில் மிதிக்க யாராலும் முடியாது. ஈரத் தார்ச்சாலையில் பிடிப்பு குறைவது உண்மையே என்றாலும், ஜல்லியின் முனைகள் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு டயரைத் தொட்டுவிடுவதால், இரும்பு மூடிகளையும் வெள்ளைக் கோடுகளையும் தவிர்த்து ஓட்டினால் டயர் பெரும்பாலும் கைவிடாது.

பிரேக் கட்டையின் கதை வேறு. ரப்பர் ஒரு பரப்பைப் பிடிப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மூலக்கூறு அளவில் நெருங்கி ஒட்டிக்கொள்வது. மற்றொன்று, பரப்பின் மேடு பள்ளங்களின் மேல் ஏறி இறங்கும்போது நசுங்கி விரிந்து, அந்த உழைப்பில் ஆற்றலை வெப்பமாக இழப்பது. இடையில் மிக மெல்லிய நீர்ப்படலம் வந்தாலே ஒட்டுதல் போய்விடும். மேடு பள்ளம் இருந்தால் இரண்டாவது வழி மிஞ்சும். குரோமியம் பூசிய இரும்பு ரிம்மில் அதுவும் இல்லை, ஏனென்றால் கண்ணாடிபோல் முகம் தெரிய வேண்டும் என்றுதானே அதற்குப் பூச்சே போடுகிறார்கள்.

அப்படியானால், கை வலிக்க அழுத்தும்போது அந்தத் தண்ணீர் ஏன் பிதுங்கி ஓடிவிடுவதில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டு தட்டையான பரப்புகளுக்கு நடுவே சிக்கிய நீர் பக்கவாட்டில்தான் வெளியேற முடியும். இடைவெளி குறுகக் குறுக, பாகுத்தன்மை, அதாவது ஓட மறுக்கும் குணம், அதைப் பிடித்து நிறுத்துகிறது. படலம் மெலியும் வேகம் அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. படலம் பாதியானால், மேலும் மெலியும் வேகம் எட்டில் ஒரு பங்காகிவிடும்; கால்வாசியானால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. முதலில் நிறைய நீர் சட்டென்று வெளியேறிவிட, கடைசியில் மிஞ்சுகின்ற, நம்மை வழுக்க வைக்கின்ற அந்தச் சிறிதளவு நீர் மட்டும் போகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

இதோடும் முடிவதில்லை. 1883-இல் இங்கிலாந்தில் பூஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் தாங்கிகளை (பேரிங்குகளை) சோதித்துக்கொண்டிருந்தபோது, எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. அடைப்பு வைத்துப் பார்த்தார். அடைப்பையும் தள்ளிக்கொண்டு வந்தது. சுழலும் அச்சு தன்னோடு எண்ணெயை இழுத்துச் சென்று, குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் ஆப்பைப் போலச் செருகுகிறது என்றும், அந்த ஆப்பின் அழுத்தமே மேலுள்ள சுமையைத் தாங்குகிறது என்றும் 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். சேலம் ஜங்ஷனைக் கடக்கும் ரயிலில் உராய்வைக் குறைத்து நன்மை செய்யும் அதே ஆப்புதான், நம் பிரேக் கட்டையின் முன்விளிம்பிலும் உருவாகிறது. ரயிலில் எண்ணெய், சைக்கிளில் தண்ணீர். தண்ணீருக்குப் பாகுத்தன்மை குறைவு என்பதால் கட்டை முழுவதுமாக மிதந்துவிடுவதில்லை. ஆயினும் நம் கை கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதியை நீர் வாங்கிக்கொள்வதால், ரப்பருக்கும் இரும்புக்கும் மிஞ்சுவது குறைந்துபோகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970-களின் தொடக்கத்தில் குரோமியம் பூசிய சக்கரத்தை வைத்து இதை அளந்தார்கள். நனைந்தபின் உராய்வு, உலர்ந்த நிலையில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. பிரேக்கை முழு அழுத்தத்தில் பிடித்தபடியே சக்கரம் சராசரியாக 30 முறை சுற்றிய பிறகுதான் உராய்வு ஏறத் தொடங்கியது. பழைய நிலைக்குத் திரும்ப மேலும் 20 சுற்றுகள் ஆயின. நம் பெரிய சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடும். அதாவது உயிர் வரத் தொடங்கவே 60 மீட்டருக்கு மேல், முழுதாகத் திரும்ப 100 மீட்டருக்கு மேல்.

வீட்டு வாசலிலேயே இதைப் பார்க்கலாம். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைப் பெடலால் சுழற்றி, ஒரு சொம்பு தண்ணீரை ரிம்மின் மேல் ஊற்றிவிட்டு, பிரேக்கை மெல்லப் பிடித்துக்கொண்டே தொடர்ந்து சுழற்றுங்கள். முதலில் சத்தமே வராது. கட்டையின் முன்விளிம்பில் நீர் ஒரு மணிச்சரம்போலத் திரண்டு நிற்கும். பிறகு கரிய குழம்பு கசியும். கடைசியில் "கிரீச்" என்று கேட்கும்போதுதான் ரப்பர் இரும்பைத் தொட்டிருக்கிறது என்று பொருள். பலர் அந்தச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். மழைநாளில் எனக்கு அது நாதஸ்வரம்.

கம்பி பிரேக் வைத்த பழைய வண்டிகளுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அவற்றில் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காமல், அச்சை நோக்கிய உட்புறத்தில் பிடிக்கிறது. சக்கரம் சுழலும்போது நீர் வெளிப்புறமாக எறியப்படும் என்பது பள்ளிப் பாடம். அந்த உட்புறத்தில் இருக்கும் நீருக்கு வெளிப்புறம் என்பது ரிம்மேதான்; ஆகவே சுழற்சி அதை உதறிவிடாமல் ரிம்மோடு சேர்த்தே அழுத்துகிறது.

தேங்கிய நீரில் போகும்போது கணக்கு இன்னும் மோசமாகிறது. ஒன்றரை அங்குல டயரின் உயரம் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலம். தண்ணீர் அதற்கு மேல் நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் ரிம் புதிதாக முங்கி எழும். அந்த முப்பது சுற்று தொடங்கவே தொடங்காது. எனவே நம் வாசகர் மேட்டுக்கு வந்தவுடன், நிற்க வேண்டிய தேவை வருவதற்கு முன்பாகவே, பிரேக்கை இலேசாகப் பிடித்தபடி மிதித்துக்கொண்டே சிறிது தூரம் போக வேண்டும். அலுமினிய ரிம்முக்கு மாறுவது இன்னும் நல்லது. அதன் பரப்பு மென்மையானது என்பதால் விரைவில் கீறல் விழுந்து சொரசொரப்பாகும். பார்க்க அழகாக இராது, பிடிக்கும்.

எண்ணெயைப் பற்றிக் கேட்டிருந்தார் அல்லவா? அதை ரிம்மில் பூசுவது பல வீடுகளில் நாமேதான். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாக வரும் ஆயுத பூஜையன்று, பளபளப்புக்காக எண்ணெய்த் துணியால் ரிம்மைத் துடைத்து, பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, விபத்து வராது என்று நம்பிக் கிளம்புகிறோம். பூஜை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணெய்த் துணி வேண்டாம். அரசு ஆண்டுதோறும் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. நனைந்தால் எத்தனை சுற்றில் அதன் பிரேக் பிடிக்கும் என்பதை அளந்து, வண்டியோடு ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன? ஒரு மோட்டார், ஒரு சொட்டுக் குழாய், ஒரு சுருள்வில் தராசு இருந்தால் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். மின்வாகன ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியைச் சைக்கிளுக்கும் ஒதுக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மழையில் ஏற்காட்டிலிருந்து சைக்கிளில் இறங்குபவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, உலர்ந்த பிரேக்கினால் மூன்று மீட்டரில் நிற்குமானால், பிடிப்பு பத்தில் ஒன்றாகும்போது நிற்க முப்பது மீட்டர் ஆகும், எப்படியும் நின்றுவிடும். மலைப்பாதையின் சராசரிச் சரிவு நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர். அந்தச் சரிவில் புவியீர்ப்பு முன்னே இழுக்கும் விசை, நனைந்த பிரேக் பின்னே இழுக்கும் விசையைவிட அதிகம். பிரேக்கை முழுக்கப் பிடித்திருக்கும்போதே வேகம் கூடும். ரிம் உலரும் வரை இறங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளானாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.