மைனஸ் ஒன்றில் மைனஸ் இல்லை

மல்லாவியில் எங்கள் ஒழுங்கைக்கு முதன்முதலாக ரீவி கேம் வந்தது 2003இல். அதற்கு முந்தின வருடம்தான் யுத்தத்தால் மூடிக்கிடந்த ஏ-9 பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்து வந்த மாமா ஒருவர் கொண்டுவந்தார். ஒரே கசெற்றுக்குள் இலட்சக்கணக்கான கேம் என்று அட்டையில் அச்சடித்திருந்தது. ஊரில் கரன்ட் இல்லை. ஜெனரேற்றர் இருந்த வீட்டு விறாந்தையில், எல்லாரும் காசு சேர்த்துப் பெற்றோல் வாங்கிக் கொடுத்தால் இரவில் ஒரு மணித்தியாலம் விளையாடலாம்.

அங்கே ஒரு அண்ணா சொன்ன கதைதான் பல வருடம் மண்டைக்குள் கிடந்தது. "மாரியோவுக்குள்ள மைனஸ் ஒண்டு எண்டு ஒரு உலகம் இருக்கு. பேய் உலகம். ஒருக்காப் போனா வெளிய வரேலாது."

வெளியே வர முடியாது என்பது உண்மைதான். பேயும் இல்லை, மைனஸும் இல்லை.

நிண்டெண்டோ 1985இல் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைற் மட்டுமே. வட்ஸ்அப்பில் விடியற்காலையில் வந்து விழும் 'காலை வணக்கம்' படம் ஒன்று அதைவிடப் பெரிதாக இருக்கும். இவ்வளவு சின்ன இடத்தில் எதையும் வீணாக்க முடியாது. அந்த விளையாட்டில் மேகமும் புதரும் ஒரே படம்தான்: வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். திரையில் தெரிவது எல்லாமே 8க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்ன ஓடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 0 முதல் 9 வரை இலக்கங்கள். 10 முதல் 35 வரை ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும். அடுத்தது 36. அது ஒன்றுமே வரையாத வெற்று ஓடு. இந்த 36ஐக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள்.

1-2 மட்டத்தின் (முதலாம் உலகத்தின் இரண்டாம் மட்டம்) முடிவில், கூரைக்கு மேலால் ஓடிப்போனால் ஓர் இரகசிய அறை வரும். மூன்று குழாய்கள் இருக்கும், அவற்றின் மேல் 4, 3, 2 என்று எழுதியிருக்கும். எந்தக் குழாய்க்குள் இறங்கினாலும் அந்த எண்ணுள்ள உலகத்துக்குப் போகலாம். 4-2 மட்டத்திலும் இப்படி ஓர் அறை இருக்கிறது, ஆனால் அங்கே ஒரே ஒரு குழாய், நடுவில், 5க்குப் போக. நிரலுக்குள் இவை எல்லாம் ஒரு சிறு அட்டவணை. முதல் வரிசை 4, 3, 2. இரண்டாவது வரிசையில் நடுவில் 5. அதற்கு இடமும் வலமும் குழாய் இல்லையே, என்ன எழுதுவது? திரையில் ஒன்றும் தெரியக்கூடாது. ஆகவே வெற்று ஓட்டின் எண்ணைப் போட்டார்கள்: 36, 5, 36.

சிக்கல் என்னவென்றால், குழாயின் மேல் எந்த எண்ணை எழுதுவது என்பதற்கும், குழாய் எங்கே கொண்டுபோகும் என்பதற்கும் பார்ப்பது அதே அட்டவணையைத்தான். 36 என்பது எழுதும்போது வெறுமை. போகும்போது முப்பத்தாறாவது உலகம்!

சாதாரணமாக இதனால் பிரச்சினை இல்லை, 4-2இல் அந்த இரு பக்கமும் இறங்கக் குழாயே கிடையாது. 1-2இலோ மூன்று குழாய் இருக்கிறது. அங்கே திரை முழுதாக நகர்ந்து முடிந்த பிறகுதான் 'முதல் வரிசையைப் பார்' என்ற குறிப்பு நினைவகத்தில் பதியும். அதற்கு முன்னரே குழாய்க்குள் இறங்கினால் இரண்டாவது வரிசை நடப்பில் இருக்கும். முன்னரே எப்படிப் போவது? சுவரூடாகத்தான். மாரியோவின் உடல் முழுவதும் சுவரில் படுகிறதா என்று விளையாட்டு பார்ப்பதில்லை. தலை, கால், பக்கம் என்று ஒரு சில புள்ளிகளை மட்டும் பார்க்கும். வெளியேறும் குழாயின் மேல் நின்று, பக்கத்துச் செங்கல்லைக் கணக்காக உடைத்து, இடப்பக்கம் பார்த்துக் குனிந்தபடி வலப்பக்கம் பாய்ந்தால், அந்தப் புள்ளிகளுக்கு இடையில் புகுந்து சிக்கிக்கொள்வார். சுவருக்குள் ஆள் இருக்கக்கூடாது என்று விளையாட்டு அவரைத் தள்ளும், தள்ளுவது மறுபக்கத்துக்கு.

அப்புறம் இடதுகரைக் குழாயில் இறங்கினால் திரையில் உலக எண் இருக்க வேண்டிய இடத்தில் 36ஆம் ஓடு, அதாவது ஒன்றுமில்லை. பிறகு வழக்கமான சிறுகோடு, பிறகு 1. உலகம் 36-1. நாங்கள் வாசித்தது 'மைனஸ் ஒன்று'.

எந்த மட்டத்தின் தரவு எங்கே என்று சொல்லும் முகவரி அட்டவணையில் எட்டு உலகத்துக்கு மேல் எழுதப்படவில்லை. ஆனாலும் இந்த இயந்திரத்துக்கு 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லத் தெரியாது. அட்டவணை முடிந்த பிறகும் எண்ணிக்கொண்டே போய், அங்கே வேறு ஏதோ வேலைக்காக இருந்த பைற்றை (ஓர் எண் அடங்கும் சின்ன இடம்) எடுத்து முகவரியாக வாசிக்கிறது. அது 2-2இலும் 7-2இலும் வரும் அதே தண்ணீர் மட்டத்தைக் காட்டிவிடுகிறது. முடிவிலுள்ள குழாய்க்குள் போனால் திரும்பவும் தொடக்கம். ஜப்பானில் வந்த டிஸ்க் பதிப்பில் தரவுகள் வேறு ஒழுங்கில் இருந்தன, அதே 36 அங்கே மூன்று வேறு மட்டங்களைக் கொடுக்கிறது. முதலாவதில் இளவரசி தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பார்.

ஜப்பானியப் பிள்ளைகள் இன்னொரு விளையாட்டும் விளையாடினார்கள். கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரியோ கசெற்றைப் பிடுங்கி, ரெனிஸ் கசெற்றைச் செருகி, கொஞ்சம் ஓடித் திரிந்துவிட்டு மறுபடி மாரியோவைச் செருகுவது. ரெனிஸ்காரர் எத்தனை அடி நடந்தார் என்ற எண் இருந்த அதே நினைவக இடத்தைத்தான் மாரியோ 'எந்த உலகத்திலிருந்து தொடர்வது' என்று வாசித்தது. ஒரு பைற்றில் 0 முதல் 255 வரை அடங்கும், ஆகவே 256 உலகம். (செய்து பார்க்க வேண்டாம், கசெற் எரிந்துவிடலாம். எங்கள் விறாந்தையில் யாராவது செய்திருந்தால் கசெற்றுக்கு முதல் முதுகு எரிந்திருக்கும்.)

அந்த 255இலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வவுனிக்குளம் நிறைந்தால் வான் பாயும், குளம் நிறைந்தபடியே நிற்கும். பைற் அப்படியில்லை. எம்டி 90 மோட்டார் சைக்கிளின் தூரக்காட்டி 99999க்குப் பிறகு 00000 ஆவதுபோல, நிறைந்த கணமே வெறுமையாகிவிடும். 1981இல் வந்த டொங்கி கொங் என்ற விளையாட்டில் ஒவ்வொரு மட்டத்துக்குமான நேரம் ஒரு சின்னக் கணக்கு: மட்ட எண்ணுடன் 4ஐக் கூட்டி, 10ஆல் பெருக்கு, 80ஐத் தாண்டினால் 80 என்று வை. 21ஆம் மட்டத்தில் 250 வரும், அது 80 ஆகும், சரி. 22இல் 260. பைற்றுக்குள் அது 4. எல்லை தாண்டியதா என்று பார்ப்பது பெருக்கிய பிறகுதானே? 4 என்பது 80ஐவிடக் குறைவு, போகலாம் என்று விட்டுவிடும். மாரியோ உச்சிக்கு ஏற முன்னமே நேரம் முடிந்து செத்துப்போவார். உலகத்தில் எந்தக் கெட்டிக்காரனும் சாதாரணமாக அதைத் தாண்ட முடியாது.

பாவிக்காமல் விட்ட பகுதிகளும் கசெற்றுக்குள் கிடக்கும். 1992இல் வந்த சோனிக் 2 என்ற விளையாட்டில் 'ஹிடன் பலஸ்' என்ற மட்டத்தைக் கைவிட்டார்கள், அதன் எச்சங்கள் மட்டும் உள்ளேயே இருந்தன. 2013இல் கைத்தொலைபேசிப் பதிப்பில்தான் அது முழுதாக வந்தது. கடைசி நேரத்தில் ஒன்றை வெட்டினால் பின்னால் உள்ள முகவரிகள் எல்லாம் நகரும். அறையைப் பூட்டிவிட்டுப் போவது இடிப்பதைவிடப் பாதுகாப்பு.

எங்கள் கசெற்றின் இலட்சம் கேமும் இந்த வித்தைதான். அதே மாரியோவை வேறு வேறு உலக எண்ணில் தொடங்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போட்டிருந்தார்கள்.

அந்த அண்ணா ஒருநாள் செய்துகாட்டினார். பதினைந்து இருபது தரம் சுவரில் முட்டினார். நாங்கள் சிரித்தோம். பிறகு மாரியோ சுவருக்குள் வழுக்கிக்கொண்டு போனார், விறாந்தை அமைதியானது. தண்ணீர். மீன். முடிவுக் குழாய். மறுபடி தண்ணீர். மூன்றாம் சுற்றில் ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமியது. படம் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியானது.

"பாத்தியளா," என்றார் அண்ணா இருட்டுக்குள்ளிருந்து. "சொன்னனான் தானே."