கவசம் போட்ட மந்திரவாதியும் பகடைக் கணக்கும்

தலை முதல் கால் வரை இரும்புத் தகடு பூட்டிய வீரர் வாள் வீசலாம், குதிரை ஏறலாம், ஏணி வைத்துக் கோட்டைச் சுவரைத் தாண்டலாம். அதே கவசத்தை ஒரு மந்திரவாதி மாட்டிக்கொண்டால் மட்டும் அவர் கையிலிருந்து நெருப்புக் கோளம் கிளம்பாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனைச் சாகச விளையாட்டுகளில் ஐம்பது ஆண்டுகளாக ஓயாத வழக்கு இது. புதிதாகச் சேருகிறவர் சீக்கிரமே கேட்டுவிடுவார்: "என் மந்திரவாதி ஏன் கவசம் போடக் கூடாது?" நியாயமான கேள்வி. இதற்குச் சரியான பதில் கதையில் கிடைக்காது, கணக்கில்தான் கிடைக்கும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் விதி எளிமையானது. போர்வீரர் எந்தக் கவசமும் அணியலாம், மந்திரவாதி எதுவும் அணியக் கூடாது. இரண்டு தொழிலும் தெரிந்த எல்ஃப் என்ற கற்பனை இனத்தவருக்கு மட்டும் மாயக் கவசத்தில் விலக்கு. ஆனால் கடவுளின் அருளால் மந்திரம் போடும் கிளெரிக் அன்றிலிருந்தே இரும்புக் கவசத்தோடுதான் நடமாடுகிறார். அவரும் கையை அசைக்கிறார், வாயால் ஓதுகிறார், அவருக்கு எந்தத் தடையும் இல்லை. ஆக, கவசம் உடலைக் கட்டிப்போடுகிறது என்பது பிறகு சொல்லப்பட்ட சமாதானம். தூரத்திலிருந்து பத்துப் பேரைச் சுட்டுப் பொசுக்குகிறவரை அடிக்கவும் முடியாது என்றால் பக்கத்தில் நிற்கும் போர்வீரருக்கு என்ன வேலை என்பதுதான் உண்மையான காரணம்.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இந்தத் தடையை எடுத்துவிட்டு ஒரு விலையை வைத்தது. கவசத்தோடு மந்திரம் போடலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சதவீதப் பகடை உருட்ட வேண்டும். தோல் கவசத்துக்கு 10%, சங்கிலிச் சட்டைக்கு 20%, முழுத் தகட்டுக் கவசத்துக்கு 35%. உருட்டியது அதற்குள் விழுந்தால் மந்திரம் வீண். கை அசைவு தேவைப்படாத மந்திரங்களுக்கு இந்த உருட்டல் கிடையாது.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எதிரி நம்மை அடிக்க இருபது பக்கப் பகடையில் எட்ட வேண்டிய எண்தான் ஆர்மர் கிளாஸ். பஞ்சு தைத்த கவசம் அதில் 1 கூட்டும், மந்திரத் தோல்வி 5%. தோல் கவசம் 2, தோல்வி 10%. ஆணி பதித்த தோல் 3, தோல்வி 15%. சங்கிலிச் சட்டை 4, தோல்வி 20%. இருபது பக்கப் பகடையில் ஒரு பக்கத்தின் மதிப்பும் சரியாக 5% தான். எதிரியின் வாய்ப்பில் ஒரு பக்கத்தைக் கழித்தால் நம் மந்திரத்தின் வாய்ப்பிலும் ஒரு பக்கம் போகிறது. கனமான கவசங்களில் இந்த ஒழுங்கு கொஞ்சம் கலைகிறது (முழுத் தகடு 8 கூட்டியும் தோல்வி 35% தான்). ஆனாலும் லேசான கவசங்களில் இது அச்சு அசலாகப் பொருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு வடிவமைத்தவர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

சமமாகத் தெரியும் இந்தப் பேரம் மேசையில் சமமாக நடப்பதில்லை. கவசம் பலன் தருவது யாராவது நம்மை அடிக்கும்போது மட்டும். தண்டமோ ஒவ்வொரு மந்திரத்திலும் விழுகிறது, எதிரி எட்டிக்கூடப் பார்க்காத சுற்றிலும் விழுகிறது. போர்வீரரின் வாள் தவறினால் அடுத்த சுற்றில் மறுபடி வீசலாம். மந்திரவாதியிடம் தொடக்க நிலையில் ஒரு நாளைக்கு முதல் நிலை மந்திரங்கள் இரண்டோ மூன்றோதான் (மந்திரவாதிக்கும் மந்திரத்துக்கும் தனித்தனியே நிலைகள் உண்டு), தவறியது தவறியதுதான். 35% தோல்வியில் இரண்டு மந்திரமும் பலிக்க 42% வாய்ப்பு. நான்கும் பலிக்க வெறும் 18%. போதாக்குறைக்கு, சங்கிலிச் சட்டை தரும் அதே 4ஐத் தோல்வியே இல்லாமல் தரும் 'மேஜ் ஆர்மர்' என்ற முதல் நிலை மந்திரமும் அதே புத்தகத்தில் இருந்தது. அப்புறம் எந்த மந்திரவாதி சங்கிலிச் சட்டையைத் தொடுவார்?

2014இன் ஐந்தாம் பதிப்பு சதவீதப் பகடையைத் தூக்கிவிட்டது. கவசம் அணியப் பயிற்சி இருந்தால் எந்தத் தடையும் இல்லை. பயிற்சி இல்லையென்றால் மந்திரமே போட முடியாது. ஆட எளிது, எனக்கும் பிடிக்கும். ஆனால் பயிற்சி மலிவாகக் கிடைக்கிறது. ஒரே ஒரு நிலை கிளெரிக்காக ஏறி, கனமான கவசப் பயிற்சி தரும் பிரிவைத் தேர்ந்தெடுத்துவிட்டு மீதி எல்லா நிலைகளையும் மந்திரவாதியாகவே ஏறலாம். தகட்டுக் கவசம் 18, கேடயம் 2, மொத்தம் 20.

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய ஆர்மர் கிளாஸின் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும். அது ஏற ஏற அடுத்து வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு கூடுகிறது. +7 தாக்குதல் உள்ள எதிரி, அதாவது உருட்டிய எண்ணோடு 7 கூட்டிக்கொள்பவர், ஆர்மர் கிளாஸ் 15 உள்ளவரை 65% முறை அடிப்பார். அந்த 15காரர் 'ஷீல்டு' மந்திரத்தால் 5 கூட்டினால் அது 40% ஆகும். கவசம் போட்ட 20காரர் அதே மந்திரத்தைப் போட்டால் 40% என்பது 15% ஆகும். இரண்டிலும் குறைந்தது 25 புள்ளிதான். ஆனால் முன்னவர் வாங்கும் அடியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது, பின்னவருக்கு ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல். நிறைய வைத்திருப்பவருக்கே மேலும் கொட்டும் கணக்கு இது.

ஹவுஸ் ரூல், அதாவது ஆடுகிறவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்ளும் விதி, பிறப்பது இந்த இடத்தில்தான். வீட்டுக்கு வீடு கேரமில் சிவப்புக் காய்க்கு ஒரு சட்டம் இருப்பதுபோல, மந்திரவாதியின் கவசத்துக்கு மேசைக்கு மேசை ஒரு சட்டம் உண்டு. பழைய சதவீதத் தோல்வியைத் திரும்பக் கொண்டுவருவது அதிகம் கேள்விப்படுவது. அதன் குறையை மேலே பார்த்தாயிற்று.

இன்னொன்று, ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு அர்க்கானா (மந்திர அறிவு) சோதனை: 10உடன் மந்திரத்தின் நிலையைக் கூட்டிய எண்ணை எட்ட வேண்டும். முதல் நிலையில் +5 உள்ள மந்திரவாதிக்கு முதல் நிலை மந்திரம் 75% பலிக்கும். ஒன்பதாம் நிலையில் +9 ஆனபின் ஐந்தாம் நிலை மந்திரமும் அதே 75%, முதல் நிலை மந்திரமோ 95%. தேர்ச்சி கூடக் கூடப் பழைய மந்திரம் கைக்குள் அடங்குகிறது, புதியது எப்போதும் முரண்டு பிடிக்கிறது. கதைக்கு இது அழகாகப் பொருந்துகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பல மந்திரங்களிலிருந்து எதிரி தன் பகடையால் தப்பிக்க முடியும். அவர் தப்பாமல் மாட்ட 60% வாய்ப்பு என்றால், 75%இல் 60% வெறும் 45%. இரண்டு கதவு தாண்டியும் பாதிக்கு மேல் ஒன்றும் நடக்காத சுற்றுகள் ஆட்டக்காரரைச் சோர்வாக்கிவிடும்.

பகடையே வேண்டாம், மந்திரத்துக்கு ஒரு நிலை உயர்ந்த ஸ்லாட்டை (நாளுக்கு இத்தனை என்று கிடைக்கும் மந்திர வாய்ப்பை) செலவழிக்கட்டும் என்பது மூன்றாவது வழி. இதில் விலை முன்கூட்டியே தெரியும், அதிர்ஷ்டத்தைத் திட்ட வேண்டியதில்லை. ஆனால் ஐந்தாம் பதிப்பில் இரண்டாம் நிலை ஸ்லாட் கிடைப்பதே மூன்றாம் நிலையில். அதுவரை கவசம் போட்டவர் ஸ்லாட் கேட்கும் எந்த மந்திரத்தையும் போட முடியாது. ஐந்தாம் நிலையில் வரவேண்டிய நெருப்புக் கோளம் ஏழுக்குத் தள்ளிப்போகும். நீண்ட தொடர் ஆட்டத்துக்கு இது சரிப்படலாம், நான்கைந்து அமர்வில் முடியும் கதைக்குச் சரிப்படாது.

கவசம் உண்மையில் உடலை என்னதான் செய்கிறது? 15ஆம் நூற்றாண்டின் நல்ல கையுறைகளில் விரல் விரலாகச் சின்னத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்படி பதிக்கப்பட்டிருந்தன. பிரெஞ்சுத் தளபதி பூசிகோ தலைக்கவசம் தவிர எல்லாம் அணிந்து கரணம் அடித்தார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. விலை ஏறுவது மூச்சில். 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 30 முதல் 50 கிலோ வரை எடையுள்ள கவசங்களை ஆட்களுக்கு மாட்டி டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் வைத்தார்கள். நடக்கச் செலவான சக்தி இரண்டு மடங்கைத் தாண்டியது, ஓடுவதற்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கால்களில் பூட்டிய எடையை ஒவ்வொரு அடிக்கும் வீசி எடுக்க வேண்டியிருப்பது ஒரு முக்கியக் காரணம். மார்புத் தகட்டுக்குள் ஆழமாக மூச்சு இழுக்க முடியாமல் அவர்கள் சின்னச் சின்னதாக வேகமாக மூச்சு விட்டார்கள்.

ஆகவே உடலை ஒட்டி விதி எழுத நினைப்பவர் விரலை விட்டுவிட்டு மூச்சைப் பிடிக்க வேண்டும். கனமான கவசத்தில் ஓடிய சுற்றில் வாயால் ஓதும் மந்திரம் கிடையாது என்று ஒரு வரி போதும். கேட்ட உடனே எல்லோருக்கும் புரியும், கூடுதல் பகடையும் தேவையில்லை.

இருந்தாலும் என் மனம் ஒப்பும் விதி கான்சன்ட்ரேஷனைத் தொடுவது. ஐந்தாம் பதிப்பில் பல வலுவான மந்திரங்கள் போட்டபின்னும் மனம் குவித்துப் பிடித்திருக்க வேண்டியவை. அடி விழுந்தால் பகடை உருட்டி, 10ஐயோ அடியின் பாதியையோ, எது பெரிதோ அதை எட்ட வேண்டும், இல்லையென்றால் மந்திரம் கலைந்துவிடும். ஹவுஸ் ரூல் இவ்வளவுதான்: கனமான கவசத்தில் இருக்கும் மந்திரவாதி அந்தச் சோதனையை டிஸ்அட்வான்டேஜில், அதாவது இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுத்து, ஆட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். எதிரி அதே +7காரர், அடி சாதாரண அடி (எட்ட வேண்டியது 10), மந்திரவாதிக்கு இந்தச் சோதனையில் +2. மேஜ் ஆர்மர் போட்ட 15காரரை எதிரி 65% அடிப்பார், அதில் 35% மந்திரம் கலையும். ஒரு தாக்குதலுக்குக் கலையும் வாய்ப்பு 23%. தகட்டுக் கவசமும் கேடயமும் வைத்த 20காரர் 40% தான் அடி வாங்குவார், ஆனால் இரண்டு பகடையில் சின்னது என்பதால் கலையும் வாய்ப்பு 58%. பெருக்கினால் அங்கேயும் 23%. கேடயம் இல்லாமல் 18இல் நின்றால் 29%. கவசம் உடம்பைக் காப்பாற்றுகிறது, பிடித்திருக்கும் மந்திரத்தைக் காப்பாற்றவில்லை. பலனும் தண்டமும் ஒரே நொடியில், எதிரியின் அடி விழும்போதே வருகின்றன. அடி வாங்காதவருக்குச் செலவே இல்லை. முன்வரிசையில் வீரரோடு தோள் சேர்த்து நிற்க ஆசைப்படுகிறவர் நிற்கட்டும், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து நிற்பார்.

இதைக் கொண்டுவருகிறவர்கள் முதல் அமர்வுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'வார் காஸ்டர்' திறமை எடுத்தவருக்குக் கான்சன்ட்ரேஷன் சோதனையில் இரண்டு பகடையில் பெரியதை எடுக்கும் உரிமை இருக்கிறது. அது இந்த டிஸ்அட்வான்டேஜை ரத்து செய்து ஒரே பகடையில் கொண்டுவந்து நிறுத்தும். என் கருத்தில் அதை அப்படியே அனுமதிக்கலாம். அவர் அந்தத் திறமைக்காக வேறொன்றை ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருக்கிறார். கிளெரிக்குக்கும் இதே விதி உண்டா என்று அடுத்த கேள்வி வரும். என் மேசையில் கிடையாது, ஏனென்றால் கவசத்தோடு முன்னால் நிற்பதை வைத்துத்தான் அவருடைய மந்திரப் பட்டியலே எழுதப்பட்டிருக்கிறது.