தத்தெடுக்கும் நரம்புகள்: அறுபதுக்கு மேல் எடை குறைப்பவர்களுக்கு

திருச்சியிலிருந்து 66 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்றபோது அவர் எடை 84 கிலோ. டாக்டர் குறைக்கச் சொன்னார். தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாக்கிங், இரவில் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு டம்ளர் கஞ்சி என்று விடாமல் இருந்து ஒன்றேகால் வருடத்தில் 75க்கு வந்துவிட்டார். பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன சார் இப்படி இளைச்சுட்டீங்க, சுகரா?" என்று கேட்கிறார்களாம். அதுகூடப் பரவாயில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் தரையில் உட்கார வைத்துப் பந்தி. சாப்பிட்டு முடித்து எழப் பார்த்தால் முடியவில்லை. பக்கத்து இலைப் பையன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். "84 கிலோவாக இருந்தபோது தானாக எழுந்தவன் நான். 9 கிலோ சுமை குறைந்த பிறகு எழ முடியாமல் போவது எப்படி?" என்று கேட்கிறார். இரவுச் சாப்பாட்டைத் திரும்ப ஆரம்பிக்கலாமா என்று கடைசியில் இன்னொரு கேள்வியும் உண்டு.

முதல் கேள்வியில் உடற்கூறியலின் அழகான அத்தியாயம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

கலோரிக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடலாம். செலவைவிட வரவு குறைந்தால் எடை இறங்கும். பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400க்கும் மேற்பட்டோரின் ஆற்றல் செலவை அளந்த பெரிய ஆய்வு 2021இல் வெளியானது. உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயது முதல் 60 வரை இந்தச் செலவு ஏறத்தாழ மாறுவதே இல்லை. அறுபதுக்குப் பிறகுதான் வருடத்துக்குச் சுமார் 0.7 சதவீதம் என்று மெல்ல இறங்குகிறது. ஆகவே அறுபதைத் தாண்டியவர் பழைய அளவிலேயே சாப்பிட்டால் எடை ஏறும். டாக்டர் சொன்னதில் தப்பில்லை.

ஆனால் குறைந்த அந்த 9 கிலோ எதனால் ஆனது என்று எடைக்கருவி சொல்லாது. வெறும் சாப்பாட்டைக் குறைத்து இளைக்கும்போது, போகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசு. அதில் தசையும் சேர்த்தி. 65 வயதும் அதற்கு மேலும் ஆன, உடல் பருத்த 160 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஒரு சோதனை 2017இல் வெளிவந்தது. உணவைக் குறைத்து எடையும் இறக்கிய மூன்று குழுக்களில் ஒன்று நடை போன்ற பயிற்சிகளைச் செய்தது, ஒன்று பளு தூக்கியது, ஒன்று இரண்டையும் செய்தது. மூன்றிலும் எடை சுமார் 9 சதவீதம் இறங்கியது. ஆனால் முதல் குழுவில் கொழுப்பல்லாத திசு 5 சதவீதம் போயிருந்தது. பளு தூக்கியவர்களுக்கு 2 சதவீதம்தான் போனது. உட்கார்ந்து எழுவது, நடப்பது போன்ற அன்றாடத் திறனில் அதிக முன்னேற்றம் கண்டது இரண்டையும் செய்த மூன்றாவது குழு.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. 2004இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே அருகருகே வெளியிட்டார்கள். புணேயைச் சேர்ந்த யாக்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்குமே 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எடைக்குள் நமக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. தசைக் கையிருப்பே கம்மியாக இருக்கும்போது, போகிற எடையில் கால் பங்கை அதிலிருந்தும் விட்டுக்கொடுப்பது பெரிய நஷ்டம்.

சரி, தசையின் அளவு குறைந்ததால்தான் எழ முடியவில்லையா? அது பாதி பதில்தான். மீதிப் பாதி நரம்பில் இருக்கிறது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தண்டுவடத்தில் இருக்கும் ஒவ்வோர் இயக்க நரம்புச் செல்லும் ஒரு நீண்ட இழையை அனுப்பி, தசைக்குள் கிளை விட்டு, தனக்கென்று சில தசை நார்களைப் பிடித்து வைத்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்புக்குப் பத்துப் பதினைந்து நார்கள் போதும். கெண்டைக்கால் தசையில் ஒரே நரம்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்களை ஆள்கிறது. நரம்பு துடித்தால் அதன் குடும்பம் முழுவதும் ஒன்றாகச் சுருங்கும். மெதுவாகச் சுருங்கிக் களைக்காமல் உழைக்கும் குடும்பங்கள் உண்டு. சட்டென்று பலமாக இழுத்துச் சீக்கிரம் களைத்துப்போகும் குடும்பங்களும் உண்டு. தரையிலிருந்து எழுவதற்கும், தடுக்கி விழப்போகும் நொடியில் காலை முன்னால் வைப்பதற்கும் இந்த இரண்டாம் வகையை நம்பித்தான் இருக்கிறோம்.

வயது ஏற ஏற இந்த நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக இறக்கின்றன. கனடாவில், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் தசையில் எத்தனை நரம்புக் குடும்பங்கள் இருக்கின்றன என்று மதிப்பிட்டுப் பார்த்தார்கள். இளைஞர்களுக்குச் சராசரியாகச் சுமார் 150. நம் வாசகரின் வயதுக்காரர்களுக்குச் சுமார் 91. எண்பதைத் தாண்டியவர்களுக்குச் சுமார் 59.

நரம்பு இறந்தால் அதன் நூற்றுக்கணக்கான நார்களும் அதோடு செத்துவிடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படி உடனே நடப்பதில்லை. நரம்பின் வேதிச் செய்தியை வாங்கும் ஏற்பிகள் சாதாரணமாக நாரின் ஒரே ஒரு புள்ளியில்தான் குவிந்திருக்கும். அநாதையான நாரோ அந்த ஏற்பிகளைத் தன் உடல் முழுவதும் பரப்பி வைக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தாலும் கேட்கத் தயாராக நிற்பது போல. நரம்பு முனையைப் போர்த்தியிருந்த ஷ்வான் செல்கள் மெல்லிய கைகளை நீட்டிப் பக்கத்து நாரில் நரம்பு வந்து சேரும் சந்திப்புவரை பாலம் போடுகின்றன. அங்கே உயிரோடு இருக்கும் நரம்பு, அந்தப் பாலத்தைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஒரு தளிரை விட்டு, அநாதை நாரைத் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொள்கிறது. இதை எழுதுகிற இப்போதும், படிக்கிற உங்கள் தொடையிலும் இது நடந்துகொண்டிருக்கலாம் என்பது என்னை ஒவ்வொரு முறையும் சிலிர்க்க வைக்கிறது.

தத்துப் போன நார், புகுந்த வீட்டின் குணத்துக்கு மாறிவிடும். இதைக் காட்டியவர்கள் புல்லர், ஜான் எக்கிள்ஸ், அவர் மகள் ரோசமண்ட் எக்கிள்ஸ். 1960இல் வெளியான சோதனையில், பூனையின் வேகத் தசைக்கும் மெதுத் தசைக்கும் போகும் நரம்புகளை வெட்டி மாற்றி இணைத்தார்கள். வேகத் தசை மெதுவானது, மெதுத் தசை வேகமெடுத்தது. தசை எப்படி உழைக்க வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது நரம்பு.

நுண்ணோக்கியின் கீழ் இது கண்ணுக்கே தெரிகிறது. இளைஞனின் தசையைக் குறுக்கே வெட்டிச் சாயமேற்றினால், அரிசியையும் கறுப்பு உளுந்தையும் கலந்து கொட்டியது போல வேக நார்களும் மெது நார்களும் விரவிக் கிடக்கும். வயதானவரின் தசையில் ஒரே வகை நார்கள் கொத்துக் கொத்தாக நிற்கும். ஒரே நரம்பு அக்கம்பக்கத்து அநாதைகளை எல்லாம் அள்ளிக்கொண்டதன் அடையாளம் அது. பெரிய வேக நரம்புகளே அதிகம் இழக்கப்படுவதால், தத்தெடுப்பவை பெரும்பாலும் மெதுவானவை. நார் பிழைக்கிறது, ஆனால் வேகம் போய்விடுகிறது. ஒரு நரம்பு தாங்கக்கூடிய குடும்பத்துக்கும் ஓர் அளவு உண்டு. அதற்குமேல் மிஞ்சும் நார்கள் சுருங்கி மறைகின்றன.

வாக்கிங் ஏன் இதற்குப் போதவில்லை? 1950களில் ஹார்வர்டின் எல்வுட் ஹென்னமன் கண்ட ஒரு விதியில் இதற்குப் பதில் இருக்கிறது. பள்ளியில் படித்த ஓம் விதியே போதும்: மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கி வருவது. சின்ன நரம்புச் செல்லுக்கு மேற்பரப்பு குறைவு, மின்னோட்டம் கசிய வழியும் குறைவு, ஆகவே மின்தடை அதிகம். ஒரே அளவு மின்னோட்டம் எல்லாச் செல்களுக்கும் வந்தாலும் சின்னச் செல்லில்தான் மின்னழுத்தம் துடிப்பதற்கான எல்லையை முதலில் தொடும். ஒரே அளவு தண்ணீர் விட்டால் அண்டாவுக்கு முன் சொம்பு நிரம்புவது மாதிரி. எந்த நரம்பு முதலில், எது அடுத்து என்று மூளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. செல்லின் அளவே வரிசையை முடிவு செய்துவிடுகிறது. சமதரையில் ஒரு மணி நேரம் நடந்தாலும் வேலை செய்வது பெரும்பாலும் சின்ன நரம்புகளின் மெதுக் குடும்பங்கள். பெரிய நரம்புகளுக்கு அழைப்பே போவதில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் வாக்கிங் மிக நல்லது, விட்டுவிடாதீர்கள். தரையிலிருந்து எழும் பலம் மட்டும் அதில் வராது.

அந்தப் பலம் எந்த வயதிலும் திரும்பும். பாஸ்டனில் 86 முதல் 96 வயது வரையான, முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடும் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவு 1990இல் வெளியானது. தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனது. தொடைத் தசையின் பரப்போ 9 சதவீதம்தான் கூடியது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தசை கொஞ்சம்தான் வளர்ந்திருக்கிறது. மிச்ச பலம் பெரும்பாலும் கூப்பிடப்படாமல் கிடந்த நரம்புகளை உடல் திரும்பக் கூப்பிடக் கற்றுக்கொண்டதால் வந்தது.

நமக்கு இது புதிதும் இல்லை. பஸ்கி, தண்டால், கர்லாக் கட்டை எல்லாம் இந்த ஊர்ச் சரக்குதான். தோப்புக்கரணமும் அப்படியே. காதைப் பிடிப்பதால் மூளையின் இரு பக்கமும் தூண்டப்படும் என்று பரப்பப்படுவதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. தொடைக்குக் கணக்கு உட்கார்ந்து எழுவது மட்டுமே. பிள்ளையாரை வேண்டிக்கொண்டு போடுங்கள், வேண்டாமலும் போடுங்கள், நார்களுக்கு இரண்டும் ஒன்று. அறுபது வயது ஆண்களைக் குறிவைத்து விற்கும் லேகியங்களுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். வேலை செய்யாத தசைக்கு எந்த லேகியமும் நரம்பைக் கூப்பிட்டுத் தராது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமான இந்தியர்களைப் பார்த்து, கைப்பிடி பலம்வரை அளந்து, முதுமை பற்றிய தேசிய ஆய்வு 2017-18இல் நம் நாட்டில் நடந்தது. அருமையான வேலை. இப்படிப்பட்ட ஆய்வுகளை இருபது முப்பது வருடம் விடாமல் தொடர்ந்தால்தான் பயன் முழுதாகக் கிடைக்கும். ஆராய்ச்சிக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூடச் செலவிடாத நாடு, இவ்வளவு முதியவர்களை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சமாளிக்கும் என்பது எனக்கு உண்மையான கவலை.

வாசகர் முதலில் ஒரு சோதனை செய்து பார்க்கட்டும். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டி, ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை பலம் குறைந்திருக்கலாம் என்பது ஆசிய நிபுணர் குழுவின் 2019ஆம் வருட அளவுகோல். பயிற்சியும் அதே நாற்காலிதான். வேகமாக எழுந்து மெதுவாக உட்காருங்கள். முட்டி வலித்தால் தலையணை போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். கடைசி இரண்டு மூன்று முறை உண்மையிலேயே சிரமமாக இருந்தால்தான் பெரிய நரம்புகளுக்கு அழைப்பு போகும். சுலபமாகிவிட்டால் கையில் அரிசிப் பை பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும். இதய நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கவும்.

அப்புறம், இரவுச் சாப்பாடு. சாப்பிடுங்கள் சார். வயதான தசைக்குப் புரதம் கொஞ்சமாக வந்தால் அது கண்டுகொள்வதில்லை. இளைஞனுக்கு ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.24 கிராம் போதும் என்றால், உங்களுக்குச் சுமார் 0.4 கிராம் வேண்டும், அதாவது 30 கிராம். கஞ்சி ஒரு டம்ளரில் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 வரை கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லையென்றால், சோற்றைக் குறைத்து இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் பால் என்று இன்றிரவே ஆரம்பிக்கலாம்.