வீட்டு வரியோடு சேரும் நூலக வரி: ஊர் நூலகத்தில் உங்களுக்கு உள்ள உரிமை

ஊராட்சியில் வீட்டு வரி கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே ‘நூலக வரி’ என்று தனியாக ஒரு தொகை இருக்கும். வரி நூறு ரூபாய் என்றால் நூலக வரி பத்து ரூபாய். தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என எங்கே வீடு இருந்தாலும் சொத்து வரி அல்லது வீட்டு வரியின் மேல் இது பத்து விழுக்காடாகச் சேருகிறது. குடிசை வீட்டுக்காரரும் தம் பங்குக்குக் கட்டுகிறார். ஆகவே ஊர் நூலகம் யாரோ தயவு பண்ணித் திறந்துவைத்த இடமல்ல. அது எப்படி நடக்கிறது, எங்கே முட்டுகிறது, எதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் அதிலிருந்து நிறையப் பெறலாம்.

இதற்கு அடிப்படை 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். நாடு விடுதலை பெற்ற பிறகு இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் இதுதான். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். அன்றைய கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் அதைக் கொண்டுவந்தார். 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரங்கநாதன் காலத்து ஆட்களுக்குக் கிராமம்தான் பெரிய கவலை. 1931இலேயே மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்த முயற்சி கொடையை நம்பி நடந்தது. சட்டம் வந்த பிறகு நூலகத்துக்கு நிரந்தர வருமானம் கிடைத்தது.

சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு மாவட்ட நூலக ஆணைக்குழு உண்டு. உள்ளாட்சிகள் வசூலிக்கும் நூலக வரி இந்த ஆணைக்குழுவின் நூலக நிதியில் சேர வேண்டும். கட்டடம், நூல்கள், இதழ்கள், பணியாளர் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வது ஆணைக்குழுவின் வேலை. சொற்பொழிவு, வகுப்பு நடத்தவும் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. நூலகத்தை மூடுவதையோ வேறிடத்துக்கு மாற்றுவதையோ மட்டும் மேலிடத்தின் முன் அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. ‘ஆள் வருவதில்லை, அதனால் மூடிவிட்டோம்’ என்று யாராவது வாய்ச்சொல்லாகச் சொன்னால், அனுமதி ஆணையைக் காட்டும்படி கேட்கலாம்.

வரிக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் வழுக்குவது இங்கேதான். 800 வீடுகள் உள்ள ஓர் ஊராட்சி என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 150 ரூபாய் வரி. மொத்தம் 1,20,000 ரூபாய். அதன் மேல் சேரும் நூலக வரி 12,000 ரூபாய், அதாவது மாதம் ஆயிரம். இரண்டு நாளிதழும் நாலைந்து வார, மாத இதழ்களும் வாங்கினாலே அது தீர்ந்துவிடும். நூலகர் சம்பளமும் புத்தகமும் அதற்குள் அடங்காது. மாவட்டம் முழுவதும் வரும் வரி ஒரே நிதியில் சேர்வதால்தான் சிற்றூர் நூலகம் நடக்கிறது. சொத்து வரி அதிகமுள்ள நகரத்தின் பணம் கிராமத்துக்குப் பாய்கிறது. ஆகவே கிராம சபையில் எழுந்து ‘எங்கள் ஊர் வரியை எங்கள் ஊருக்கே செலவிடு’ என்று கேட்பது நம் தலையில் நாமே மண் போட்டுக்கொள்வதாகும். ‘எங்கள் ஊராட்சி வசூலித்த நூலக வரியை ஆணைக்குழுவுக்குக் கட்டிவிட்டீர்களா? எந்த ஆண்டு வரை?’ என்று கேளுங்கள். வசூலான தொகை உரிய காலத்தில் போய்ச் சேராமல் நிலுவையில் நிற்பது நெடுநாள் நோய். ஊராட்சிக்குக் கையில் பணம் குறைவு. தெருவிளக்கு மின்கட்டணமும் குடிநீர்ச் செலவும் முன்னால் வந்து நிற்கும்போது நூலக வரி பின்னால் போய்விடுகிறது. ஆனால் அந்தப் பணம் ஊராட்சியின் வருமானமே அல்ல. நூலகத்துக்காக வாங்கி வைத்திருக்கும் பணம்.

உங்கள் ஊர் நூலகம் யாருடையது?

மனு எழுதும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் ‘நூலகம்’ என்று பலகை தொங்கும் கட்டடம் இரண்டு வகையில் ஒன்றாக இருக்கலாம்.

முதல் வகை, பொது நூலக இயக்ககத்தின் கீழ் மாவட்ட நூலக ஆணைக்குழு நடத்துவது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்ற வரிசையில் சிற்றூர்களில் காணப்படுபவை பெரும்பாலும் கடைசி இரண்டும். மாநிலம் முழுவதும் இந்த வரிசையில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் உள்ளன.

இரண்டாவது வகை, 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகம். அன்றைக்கிருந்த 12,618 ஊராட்சிகளையும் ஐந்தாண்டுகளில் எட்டுவது திட்டத்தின் இலக்கு. இது ஊரக வளர்ச்சித் துறையின் பிள்ளை. நடத்துவது ஊராட்சி. இதைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியவர்களுக்கு மிகச் சொற்பமான மதிப்பூதியமே கிடைத்தது. அவர்கள் விலகியதும் பல இடங்களில் கதவு பூட்டியே கிடந்து, கட்டடம் சாமான் அறையாக மாறியது. நீங்கள் கட்டும் நூலக வரி ஆணைக்குழுவுக்குப் போகிறது, இந்தக் கட்டடத்துக்கு அல்ல. அதனால் இது பூட்டிக் கிடக்கிறது என்று மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதினால் ‘எங்களுடையது இல்லை’ என்று பதில் வரும், ஆறு மாதம் வீணாகும். ஊராட்சித் தலைவருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் எழுத வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் இருவர் இருப்பார்கள். ‘கிராம ஊராட்சிகள்’ என்ற பொறுப்பில் இருப்பவருக்குத்தான் இந்த மனு.

இரண்டும் கலந்த சிக்கலும் உண்டு. கட்டடம் ஊராட்சியுடையது, உள்ளே இருக்கும் நூல்கள் ஆணைக்குழுவுடையவை. மழையில் கூரை ஒழுகிப் புத்தகம் நனைந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்கள். அப்போது ஒரே மனுவை இருவருக்கும் எழுதி, ஒவ்வொன்றிலும் மற்றவருக்கும் நகல் அனுப்பியதைக் குறிப்பிடுங்கள். கட்டட வேலைக்குச் சட்டமன்ற உறுப்பினர் அல்லது நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம். ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு செலவை ஏற்க முன்வந்தால் ‘நமக்கு நாமே’ திட்டமும் கைகொடுக்கும்.

உறுப்பினர் ஆவதும் பயன்படுத்துவதும்

நூலகத்துக்குள் போய் நாளிதழோ புத்தகமோ படிக்க எந்தக் கட்டணமும் இல்லை, உறுப்பினராக இருக்க வேண்டியதும் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். தயவுசெய்து அந்தக் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். நாளொன்றுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நூல் இரவல் போனது, எத்தனை உறுப்பினர் என்பதை வைத்துத்தான் பகுதி நேர நூலகம் ஊர்ப்புற நூலகமாகவும், அது கிளை நூலகமாகவும் தரம் உயர்வது முடிவாகிறது. இருபது பேர் படித்துவிட்டு ஐந்து பேர் மட்டும் கையெழுத்திட்டால், அலுவலகக் கணக்கில் அந்த ஊரில் ஐந்து வாசகர்தான்.

வீட்டுக்கு எடுத்துப் போக உறுப்பினர் அட்டை வேண்டும். படிவத்தோடு முகவரிச் சான்றின் நகல், சிறிய காப்புத் தொகை, அதைவிடச் சிறிய ஆண்டுச் சந்தா. காப்புத் தொகை உங்கள் பணம். உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகும்போது திரும்பக் கிடைக்கும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சந்தா திரும்ப வராது. ஒரு தவணை ஏறக்குறைய இரண்டு வாரம். படித்து முடியவில்லை என்றால் கெடுவுக்கு முன்பே போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம், வேறு யாரும் அதே நூலைக் கேட்டிருந்தால் தவிர. நூல் தொலைந்தால் விலையைக் கட்ட வேண்டும். அதே நூலின் புதுப் படியை வாங்கித் தந்தால் ஏற்பார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

நேரத்தையும் பார்த்துப் போக வேண்டும். சிற்றூர் நூலகங்கள் பெரும்பாலும் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் எனப் பிரித்துத் திறப்பவை. வார விடுமுறை வழக்கமாக வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் வரட்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு; இது தெரியாமல் வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு ‘எப்போதும் பூட்டித்தான் இருக்கிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. வேலை நேரம் எழுதிய பலகை வாசலில் இல்லையென்றால் வைக்கச் சொல்லுங்கள்.

புத்தக அலமாரி பூட்டியே இருக்கும் நூலகங்கள் பல. நூலகரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. இருப்புச் சரிபார்ப்பில் நூல் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். சம்பளமோ குறைவு, உதவிக்கு ஆளில்லை, ஒரே ஆள் திறந்து, கூட்டி, பதிந்து, பூட்ட வேண்டும். அதனால் பூட்டு அவருக்குப் பாதுகாப்பாகப்படுகிறது. நூலகத்துக்குத் துணையாக உறுப்பினர்களே அமைக்கும் குழுவான வாசகர் வட்டம் இருக்கும் ஊர்களில் இது மாறுகிறது. வட்டத்தைச் சேர்ந்த இருவர் முறைபோட்டு மாலையில் உடனிருந்தால் அலமாரியைத் திறந்துவைக்க நூலகருக்குத் தைரியம் வரும். வாசகர் வட்டம் அமைக்கத் தனிச் செலவு எதுவுமில்லை. உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்து நூலகரிடம் எழுதிக் கொடுத்தால் தொடங்கிவிடலாம்.

வேண்டிய நூல் இல்லையென்றால் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். பரிந்துரைப் பதிவேட்டில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதுங்கள். போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் சிற்றூர் நூலகத்தில் இருக்கும் தேர்வு நூல்கள் பாடத்திட்டம் மாறியபின் காலாவதியானவையாக இருக்கும். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான புதிய பள்ளிப் பாடநூல்கள் முழுத் தொகுப்பாக வேண்டும் என்று நான்கைந்து பேர் சேர்ந்து எழுதினால், அது நடக்கக்கூடிய கோரிக்கை.

நடக்க முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி, நோயாளி ஆகியோரின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோகும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் 2022இல் தொடங்கியது. உங்கள் ஊர் நூலகம் அதில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். தன்னார்வலராகவும் பெயர் கொடுக்கலாம்.

நூலகமே இல்லாத ஊர் என்றால்

தொடக்கம் பெரும்பாலும் பகுதி நேர நூலகம்தான். எடுத்த எடுப்பில் கிளை நூலகம் கேட்டால் கோப்பு நகராது. வாடகையில்லாத, மின் இணைப்புள்ள ஓர் இடம், சேர விரும்புவோர் பட்டியல், சில புரவலர்கள், இவை கையில் இருந்தால் வேலை சுலபம். உறுப்பினர், புரவலர் எண்ணிக்கை எவ்வளவு வேண்டும் என்பதை மாவட்ட நூலக அலுவலகத்தில் முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புரவலர் என்பவர் நூலகத்துக்கு ஆயிரம் ரூபாய் செலுத்துபவர்.

அடுத்தது கிராம சபைத் தீர்மானம். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். கூட்டம் நடக்கும் நேரத்தில் எழுந்து சொல்வதைவிட, ஒரு வாரம் முன்பே ஊராட்சித் தலைவரிடம் மனுவாகக் கொடுத்துப் பொருள் நிரலில் சேர்ப்பது நல்லது. குறைந்தபட்ச வருகையும் இருக்க வேண்டும்: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கை இல்லாமல் போட்ட தீர்மானம் பின்னால் செல்லாது. தீர்மான எண்ணோடு நகல் வாங்கி, இடம் தர ஊராட்சி ஒப்பும் கடிதத்தையும் சேர்த்து மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும். அந்த எண் இருந்தால்தான் பின்தொடர முடியும்.

பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட நூலக அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்குச் சான்று இணைத்தால் கட்டணமில்லை. ‘ஏன் எங்கள் ஊருக்கு நூலகம் தரவில்லை’ என்பது கேள்வியாக நிற்காது, தள்ளிவிடுவார்கள். ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் எங்கள் ஊராட்சி செலுத்திய நூலக வரி, செலுத்திய தேதி, நிலுவை, எங்கள் மனுவின் மேல் எழுதிய கோப்புக் குறிப்பின் நகல். பதிலுக்குக் கெடு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. ஊராட்சியிலும் இதே கணக்கை ஒரு விண்ணப்பம் போட்டுக் கேட்டு, இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பணம் எந்த இடத்தில் நின்றது என்பது தெரிந்துவிடும்.

புத்தகம் நன்கொடை கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பழைய வழிகாட்டிகளையும் கிழிந்த இதழ்களையும் மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் இறக்க வேண்டாம். இருக்கிற அலமாரி இடத்தை அவை அடைத்துக்கொள்ளும். சிறுவர் நூல், அகராதி, உழவு, கால்நடை, உடல்நலம் பற்றிய நூல்கள் சிற்றூர்களில் கைமாறிக்கொண்டே இருக்கும். கொடுக்கும்போது தலைப்பும் விலையும் எழுதிய பட்டியலை இரண்டு படி எடுத்து, ஒன்றில் நூலகரின் கையெழுத்து வாங்குங்கள். நன்கொடைப் பதிவேட்டில் ஏறி எண் விழாத நூலை இரவலுக்குத் தர அவரால் முடியாது.